அலறலும் அறமும்

திருகோணமலை நகரை அடுத்து, உட்துறைமுகத்தை நோக்கியவாறு மேடாக எழுந்து நிற்கும் குடியிருப்புப் பகுதியை ஓர்ஸ் ஹில் என்றும் உவர்மலை என்றும் வழங்குவர். இவ்விரு பெயர்களுள் ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பன்று. ஒலியால் மாத்திரம் ஒன்றையொன்று ஒத்து நிற்பவை அவை. ஓர்ஸ் என்பதில் உவர்ப்பு இல்லை. உவர் என்பதில் ஆங்கிலேயர் எவரும் இல்லை. எனினும் அங்கு வாழ்வோர் ஒரே நாளில் இரண்டு பெயர்களையும் பன்முறை சொல்வர். இக்கலப்பினை ஒரு குறையாக அவர்கள் கருதியதாகத் தெரியவில்லை.

அம்மேட்டு நிலத்திலே ஒரு மாலைப் பொழுதைக் கற்பனை செய்க. கோவில் மணி ஒலிக்கின்றது. கீழே வீதியிற் செல்லும் பேருந்தில் ஏதோ ஒரு சினிமாப் பாடல். துறைமுகப் பக்கமிருந்து ஒரு கப்பலின் ஊதல். ஒரு வீட்டு அறையில், உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் இளைஞன் ஒருவன், படிப்பினை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்கின்றான். அப்பாட்டில் முதலிற் கேட்பது இலத்திரனியற் கருவியொன்று எழுப்பும் துள்ளலான சிறு மெட்டு. அதன் அடியிற் சுவரை அதிரவைக்கும் தாளம். அதன் மேல் ஹிப்ஹொப் பாணியில் விரைந்து உரைக்கப்படும் சொற்கள். இடையிடையே, எவ்வித முன்னறிவிப்புமின்றி, தொண்டை கிழியும் ஓர் அலறல். விறாந்தையிலிருக்கும் தந்தை கேட்கிறார்: “இதென்ன சத்தம் தம்பி? ஆரையோ வெட்டிற மாதிரிக் கிடக்கு.”

புதிய இசையைக் கேட்கும் மூத்த தலைமுறையினர் எல்லா நாடுகளிலும் எல்லாக் காலங்களிலும் இவ்வாறு முகஞ்சுளித்திருக்கின்றனர் என்று கூறி இவ்வினாவை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் திருகோணமலையிலே ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதர் இவ்வாறு கேட்கும்போது அது வெறும் உவமையாக இருக்கவேண்டும் என்பதில்லை. அவர் உண்மையிலேயே அத்தகைய ஒலியைக் கேட்டவராயிருக்கலாம். 1983ஐயும் அதன் பின் வந்த ஆண்டுகளையும் அவர் அந்நகரிலே வாழ்ந்து கடந்தவர். ஆதலின் அவர் எழுப்பும் வினா இசைச்சுவை பற்றியதன்று. துன்பத்தின் குரலைத் துன்பம் இல்லாத இடத்திலே, களிப்புக்கு ஒரு கருவியாக, எடுத்தாள்வது அறமாகுமா என்பதே அவ்வினாவின் உட்கிடை. இக்கட்டுரை ஆராயப் புகுவதும் அதனையே.

வினாவுக்குள் நுழையுமுன் அந்த இசை எத்தகையது என்பதைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். ஸ்கிறீமோ எனப்படுவது 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரிலே, பங்க் றொக் மரபின் கிளையொன்றிலிருந்து பிறந்தது. சிறிய அறைகளிலே, சிறு கூட்டத்தின் முன்னே, பாடுவோனுக்கும் கேட்போனுக்கும் இடையே மேடை என்ற உயரம் இல்லாத நிலையில் அது நிகழ்த்தப்பட்டது. மனமுறிவும் தனிமையும் அதன் பொருள். குரல் உடைந்துபோதல் அதன் முறை. கிறங்க் எனும் இசையோ அதற்கு நேர்மாறானது. மெம்பிஸ், அற்லான்ரா ஆகிய தென்புல நகரங்களின் கறுப்பின மக்களது நடனக்கூடங்களில் வளர்ந்த ஹிப்ஹொப் வகை அது. தலைவன் ஒரு சொல்லை முழங்கக் கூட்டம் அதனைத் திருப்பி முழங்கும். லில் ஜோனும் அவரது குழுவினரும் 2002இல் வெளியிட்ட இசைத்தொகுப்பின் மூலம் அது அமெரிக்கா முழுவதும் அறியப்பட்டது. இவ்விரண்டையும் இலத்திரனியல் நடன இசையோடு பிணைத்து, 2000களின் நடுப்பகுதியிலே இளைஞர் சிலர் ஆக்கிய கலவைக்குக் கிறங்க்கோர் என்று பெயர் வந்தது. நியூ மெக்சிக்கோ மாநிலத்து அல்புக்கேர்க்கி நகரில் 2006இல் தோன்றிய புறோக்கன்சைட் என்ற குழு அதன் பெயர்பெற்ற பிரதிநிதி. விமர்சகர் பெரும்பாலோர் அக்குழுவை எள்ளி நகையாடினர். பதின்ம வயதினர் திரண்டு சென்று கேட்டனர்.

இவ்வகை இசையின்மேல் சுமத்தப்படும் குற்றங்களுள் முதலாவது, அது கலப்படம் என்பது. இக்குற்றச்சாட்டுத் தமிழரிடையே எடுபடலாகாது. கருநாடக இசைக் கச்சேரியில் இன்று பிரிக்கவியலாத அங்கமாகிவிட்ட வயலின், முத்துசாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசாமி தீட்சிதர் (1786–1858) ஆங்கிலேயரிடம் கற்றுக்கொண்டு புகுத்திய கருவி. முத்துசாமி தீட்சிதர் தாமும் ஆங்கிலப் படைவாத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியங்கள் இயற்றினார். ஆர்மோனியத்தை இந்திய இசைக்கு ஒவ்வாத கருவியெனக் கூறி 1940இல் அகில இந்திய வானொலி விலக்கி வைத்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின்னர், 1971இல், அத்தடை தளர்த்தப்பட்டது. அவ்வளவு காலமும் நாடக மேடைகளிலும் பஜனை மடங்களிலும் ஆர்மோனியம் ஓயாது ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. தமிழிசையின் தொன்மையைத் தேடிய விபுலானந்த அடிகள், திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் பணியாற்றியவர், 1947இல் வெளியான ‘யாழ் நூ’லிலே வழக்கொழிந்த யாழை மீட்டெடுக்க முனைந்தபோது அவருக்குத் துணைநின்றது இலண்டன் பல்கலைக்கழகப் பட்டத்துக்காக அவர் கற்ற விஞ்ஞானமும் கணிதமுமே. தூய்மையைத் தேடிய பயணமும் கலப்பின் வழியே நடந்திருக்கின்றது.

திருகோணமலையின் கதை இன்னும் கூர்மையானது. கோணேசர் கோவிலை இடித்த கற்களைக் கொண்டு 1624இல் அங்கே கோட்டை கட்டினர் போர்த்துக்கேயர். அவர்கள் போய் மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேலாகியும், அவர்தம் வழிவந்த பறங்கியர் மட்டக்களப்பிலும் திருகோணமலைப் பாலையூற்றிலும் வாழ்கின்றனர். திருமண வீடுகளில் வயலினும் மேளமும் ஒலிக்கக் கப்றிஞ்ஞா ஆடுகின்றனர். ஆபிரிக்க அடிமைகளின் தாளமும் ஐரோப்பிய மெட்டும் ஈழத்துக் கடற்கரையிற் கூடிப் பெற்ற பிள்ளை அது. அதிலிருந்து பைலா கிளைத்தது. பைலாவிலிருந்து, 1960களிலும் 70களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பாடிய தமிழ்த் துள்ளிசை கிளைத்தது. அதே காலத்திலே திருகோணமலையிலிருந்து பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் மெல்லிசையைத் தந்தனர். இத்துள்ளிசையை அன்று பண்டிதர்கள் இசையென ஏற்க மறுத்தனர். இன்று வெளிநாடுகளில் நடக்கும் தமிழர் திருமணங்களில் அதே பண்டிதர்களின் பேரப்பிள்ளைகள் அதற்கு ஆடுகின்றனர். இதில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கலப்பு எப்போதும் அன்பினால் நிகழ்ந்ததன்று. இடிப்பும் அடிமைத்தனமும் நிகழ்ந்த இடத்திலேயே அது பிறந்திருக்கின்றது. பிறப்பின் பழி பிள்ளையைச் சாராது என்பதனாலேயே பாலையூற்றில் நடக்கும் ஆட்டத்தை எவரும் கோவில் இடித்தவரின் ஆட்டம் என்று வைவதில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டு, அலறல் இசையாகாது என்பது. இதற்கும் விடை காணல் அரிதன்று. மிடற்றிலே குரல்நாண்களுக்கு மேலே, போலிக் குரல்நாண்கள் எனப்படும் மடிப்புகள் உள்ளன. பயிற்சி பெற்ற ஸ்கிறீமோப் பாடகர் மெய்க் குரல்நாண்களை வருத்தாது இம்மடிப்புகளையும் அதிரச் செய்து அலறலை எழுப்புகின்றார். தூவா நாட்டு மிடற்றிசைப் பாடகர்கள் ஆழ்ந்த குரலை எழுப்புவதற்கும் இம்மடிப்புகளே துணை செய்கின்றன. கேட்போர் எண்ணுமளவுக்கு அக்குரல் உரத்ததும் அன்று. உரப்பினைத் தருவதில் ஒலிவாங்கிக்கும் பெரும்பங்குண்டு. அஃதாவது, அது கற்றுப் பழகிய ஒரு கலைத்தொழில். கூத்துக்களரியிலே விடிய விடியப் பாடி, சாவுக் காட்சியிற் குரலை உடைத்துக் கதறும் அண்ணாவியாரிடம் இருப்பதும் அத்தகைய பழக்கமே. தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளில் நகையை அடுத்து வைக்கப்பட்டிருப்பது அழுகை. வெகுளியும் அவ்வெட்டினுள் ஒன்று. அழுகையும் வெகுளியும் கலைக்கு உரியன அல்ல என்று தமிழ் மரபு என்றுமே கூறியதில்லை.

கூத்தினைப் பாமரர் கூச்சல் என்று படித்தோர் ஒதுக்கிய காலமொன்று இருந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதனைப் பேராதனை மேடைக்குக் கொணர்ந்து, 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ முதலியவற்றைச் செம்மைப்படுத்தி அளித்த பின்னரே அதன் மதிப்பு அவர்களுக்குப் புலனாயிற்று. அதே ஆண்டுகளில் ஈழத்து எழுத்துலகில் நடந்த மரபுப் போரில், உழைக்கும் மக்களின் பேச்சு மொழியை இலக்கியத்திற் புகுத்தியோர் ‘இழிசினர் வழக்கு’ என்ற வசையைக் கேட்க நேர்ந்தது. கூச்சல், இரைச்சல், இழிசினர் வழக்கு ஆகியவை பெரும்பாலும் ஒலியைப் பற்றிய தீர்ப்புகள் அல்ல. ஒலிப்பவரைப் பற்றிய தீர்ப்புகள்.

எனவே கலப்பும் குற்றமன்று, அலறலும் குற்றமன்று. இவ்வளவோடு கட்டுரையை முடித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் விறாந்தையில் இருக்கும் தந்தையின் வினாவுக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

இரவல் துன்பம் பற்றித் தமிழில் ஏற்கெனவே ஒரு தீர்ப்பு உண்டு. ‘கூலிக்கு மாரடித்தல்’ என்ற தொடரை மனமொன்றாது செய்யும் எந்த வேலைக்கும் இகழ்ச்சியாகச் சொல்வது வழக்கம். அத்தொடருக்குப் பின்னால் ஒரு தொழில் இருந்தது. செத்த வீட்டுக்கு அழைக்கப்பட்டு, ஒப்பாரி சொல்லி, மார்பிலடித்து அழுது, நெல்லோ காசோ பெற்றுச் சென்ற பெண்கள் இருந்தனர். மேலைத்தேயச் சிந்தனையாளருள் ரோல்ஸ்ரோய் இப்பெண்களைக் கண்டிருப்பின் கடிந்திருப்பார். 1890களின் இறுதியில் அவர் எழுதிய ‘கலை என்பது யாது?’ எனும் நூலின்படி, கலைஞன் தான் மெய்யாக உணர்ந்ததையே பிறருக்குத் தொற்றச் செய்தல் வேண்டும். உணராததை உணர்ந்ததாகக் காட்டுவது போலி. அவ்வளவுகோலின்படி கூலிக்கு மாரடிப்பவள் பொய்க் கலைஞர். அலறலை ஒப்பனையாக்கிய கிறங்க்கோர்ப் பாடகனும் பொய்க் கலைஞன்.

ஆயின் அவ்வளவுகோல் சரியானதுதானா? செத்த வீட்டில் நடந்ததைச் சற்று நுணுகி நோக்குக. கணவனை இழந்தவள் பிரமை பிடித்தவளாய் மூலையில் இருக்கிறாள், கண்ணீர் வரவில்லை. ஒப்பாரி சொல்லும் பெண் வந்து, இறந்தவரின் பெயரையும் பெருமையையும், அவர் உழுத வயலையும் கட்டிய வீட்டையும் இராகத்தோடு அடுக்குகிறாள். சிறிது நேரத்தில் மூலையில் இருந்தவள் வாய்விட்டு அழுகிறாள். அழுவித்தவளின் உள்ளத்தில் துயரம் இருந்ததா என்று அவ்வீட்டில் எவரும் கேட்கவில்லை. அவளுடைய மெய்ம்மை அவளது உணர்ச்சியில் இல்லை. அந்த வீட்டுக்கு அவள் ஆற்றிய கடமையில் இருந்தது. ஓலமிட ஒருத்திக்கு உருவம் கொடுத்தாள் அவள். அவள் இறந்தவரின் பெயரைச் சரியாகச் சொன்னாள் என்பது அங்கே முக்கியம்.

இத்தற்காப்பிலும் ஓர் ஓட்டை உண்டென்பதை மறைத்தலாகாது. பல ஊர்களில் இப்பணிக்கு அழைக்கப்பட்டோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பெண்கள். அவர்கள் வீட்டிலே சாவு நிகழ்ந்தபோது அழைத்தவர்களின் பெண்கள் போய் மாரடித்ததில்லை. குரல் ஒரு திசையில் மட்டும் கடன் கொடுக்கப்பட்டது. கடன் திரும்பி வரவில்லை. கூலிக்கு மாரடித்தலில் அறக்கேடு இருந்ததெனின் அது இங்கேதான் இருந்தது. ஆனால் பழமொழியோ கூலி கொடுத்தவரை விட்டுவிட்டு வாங்கியவளை ஏசுகின்றது!

உணர்ச்சியின் மெய்ம்மை ஒன்றே போதாது என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. புளோரிடா மாநிலத்திலிருந்து 2010களின் நடுப்பகுதியிற் புறப்பட்ட எக்ஸ்எக்ஸ்எக்ஸ்ரென்ராசியன் என்ற இளைஞர், ஹிப்ஹொப் தாளத்தையும் சிதைந்த இலத்திரனியல் ஒலியையும் தொண்டை கிழியும் அலறலையும் இணைத்துப் பாடினார். அவரது வேதனை நடிப்பென்று எதிரிகளும் சொல்லவில்லை. மனச்சோர்வுற்ற எண்ணற்ற இளையோர் அவரிடம் தம் குரலைக் கண்டனர். அவரோ தம்மோடு வாழ்ந்த பெண்ணைக் கொடூரமாகத் தாக்கியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, வழக்கு முடியுமுன்னரே, 2018 ஜூனில் இருபதாவது வயதிற் சுட்டுக்கொல்லப்பட்டார். அலறல் உண்மையாயிருந்தது, அவ்வுண்மை, இன்னொருத்தி அலறியதாகக் கூறப்பட்டதை இல்லையென்று ஆக்கிவிடவில்லை. ரோல்ஸ்ரோயின் அளவுகோல் இங்கு கைகொடாது.

அவ்வாறாயின் வேறு அளவுகோல் யாது? அலறல் என்பது அடிப்படையில் ஓர் அழைப்பு. யாரோ வரவேண்டும் என்பதற்காகவே உயிர்கள் அலறுகின்றன. எனவே ஒரு கலைப்படைப்பில் அலறல் வரும்போது கேட்கவேண்டியது, அலறுபவர் உண்மையிலேயே வலியை உணர்கிறாரா என்பதன்று. அவ்வொலியைத் தொடர்ந்து போனால் அங்கே யாராவது இருக்கிறார்களா என்பதே கேட்கவேண்டியது. இதனைக் கொண்டு புறோக்கன்சைட் முதலியோரின் பாடல்களை நோக்குமிடத்துக் கிடைப்பது ஏமாற்றமே. மதுவும் கேளிக்கையும் பெண்ணைப் பண்டமாக்கும் பேச்சும் நிரம்பிய பாட்டின் நடுவே அலறல் வருகின்றது. அது யாருடைய வலி? எவருடையதும் அன்று. சான் டியேகோவின் சிறிய அறையில் அதற்கு ஒரு காரணம் இருந்தது. அற்லான்ராவின் நடனக்கூடத்திலே கூட்டமுழக்கத்துக்கு வேறொரு காரணம் இருந்தது. கணினியில் வெட்டி ஒட்டியபோது ஒலிகள் வந்தன, காரணங்கள் வரவில்லை. கலந்தது குற்றமன்று என்று மேலே கூறப்பட்டது. கலக்கும்போது எதனைக் கழித்துவிட்டார்கள் என்பது வேறு கேள்வி. யப்பானிய நிறுவனமொன்று 1980இல் வெளியிட்டு 1983இல் உற்பத்தியை நிறுத்திவிட்ட ரீ.ஆர்.–808 என்ற தாளப்பொறியை, வசதியற்ற கறுப்பின இளைஞர் பழைய விலைக்கு வாங்கித் தமதாக்கிக்கொண்டனர். அங்கு பொறியிடம் இல்லாத காரணத்தை மனிதர் கொண்டுவந்து சேர்த்தனர். இங்கு நிகழ்ந்தது அதன் மறுதலை.

‘புலி வருகிறது’ என்று பொய்யாகக் கூவிய சிறுவனின் கதையைப் பாலர் வகுப்பிலேயே எல்லாரும் படித்திருப்பர். அக்கதையிற் சிறுவனுக்கு நேர்ந்த கேட்டினையே பாடமாகச் சொல்லிக்கொடுப்பர். அவன் ஊராரின் செவிக்குச் செய்த கேட்டினை எவரும் சொல்வதில்லை. மூன்றாம் முறை அவர்கள் வராமற்போனது அவர்களின் கொடுமையால் அன்று. அவன் அவர்களைச் செவிடராக்கிவிட்டான்.

இவ்விடத்தில் மாதங்கி அருள்பிரகாசத்தை, உலகம் எம்.ஐ.ஏ. என்று அறிந்த பாடகியை, நினையாதிருக்க முடியாது. 1975இல் இலண்டனிற் பிறந்து, குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்திற் கழித்து, போர் காரணமாக 1980களின் நடுப்பகுதியில் இலண்டனுக்கு அகதியாகத் திரும்பிய அவர், தந்தையின் இயக்கப் பெயரையே தலைப்பாக்கி 2005இல் ‘அருளர்’ என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். ஹிப்ஹொப்பும் இலத்திரனியல் இசையும் தெருக்கூச்சலும் கலந்த தொகுப்பு அது. 2007இல் வெளிவந்த ‘கலா’ தொகுப்பிலுள்ள ‘பேப்பர் பிளேன்ஸ்’ என்ற பாட்டில் பல்லவியின் தாளமாகவே துப்பாக்கி வெடியொலியும் கல்லாப்பெட்டி திறக்கும் ஒலியும் வருகின்றன. மேலைநாட்டு நடனக்கூடங்கள் அவ்வெடியொலிக்கு ஆடின. ஓர்ஸ் ஹில்லில் விறாந்தையில் இருப்பவர் அதைக் கேட்பின் யாது சொல்வார்? எழுந்து உள்ளே போய்விடுவார் என்றே தோன்றுகிறது. போரை அலங்காரமாக்குகிறார் என்று அப்பாடகியைச் சாடியோர் பலர். அச்சாடலை அறவே புறந்தள்ள முடியாது. ஆயினும் 2009 மே மாதத்திற் போர் முடிந்த பின், 2010இல் வெளிவந்த அவரது ‘மாயா’ தொகுப்பு முந்தியவற்றினும் கடூரமானது. அதிலுள்ள ‘போர்ன் ஃபிறீ’ என்ற பாடல், நியூயோர்க்கின் சூயிசைட் என்ற இருவர் குழு 1977இல் ஆக்கிய இரைச்சலிசையின் மேல் எழுப்பப்பட்ட ஒரு கூவல். காதுக்கு இனிமை தர அது முயலவேயில்லை. விமர்சகர் சிலர் வெறுத்தனர். அக்கூவலைத் தொடர்ந்து போனால் ஒரு கரை தெரிகிறது. அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நடனத்துக்கு உகந்த வெடியொலியைவிட நடனத்துக்கு ஒவ்வாத இக்கூவலே அறத்தால் உயர்ந்தது எனலாம்.

தமிழ்நாட்டில் 2018 ஜனவரியில் முதன்முறை மேடையேறிய ‘த காஸ்ற்லெஸ் கலெக்ரிவ்’ குழுவும் இங்கு கருதத்தக்கது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியில், இசையமைப்பாளர் தென்மாவின் தலைமையில் அமைந்த அக்குழு, வடசென்னைக் கானாவையும் ஹிப்ஹொப்பையும் றொக் இசையையும் இணைத்தது. கானாவோ சாவு வீட்டில் விடிய விடியப் பாடப்பட்டு வளர்ந்த இசை. அக்குழுவிற் பாடிய அறிவு 2021இல் தீயுடனும் சந்தோஷ் நாராயணனுடனும் சேர்ந்து வழங்கிய ‘எஞ்சாய் எஞ்சாமி’யில் ஒப்பாரியின் சாயலும் துள்ளலும் பிரிக்கவியலாமற் கலந்துள்ளன, பாட்டியின் பெயரும் அதில் வருகிறது. ஒரு காலத்தில் ஒரு திசையில் மட்டும் கடன் கொடுக்கப்பட்ட குரல், இங்கே தன் வீட்டுச் சாவுக்குத் தானே அழத் தொடங்கியிருக்கிறது. உலகமே அதற்கு ஆடியது என்பது ஒரு வேடிக்கை. ஆடியவர்களுள் எத்தனை பேர் அழைப்பைக் கேட்டனர் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை.

இதுகாறும் கூறியது பாடுவோனைப் பற்றியது. கேட்போனை இவ்வளவுகோலால் அளத்தல் நியாயமாகாது. அறைக்குள் இருக்கும் அந்த இளைஞன் போர் முடிந்த காலத்துப் பிள்ளை. வீட்டிலே எதுவும் பேசப்படுவதில்லை. சுவரில் மாலையிட்ட ஒரு படம் இருக்கும். அவர் யார் என்று கேட்டால் “சித்தப்பா” என்ற விடை வரும். எப்படி என்று கேட்டால் தாய் அடுப்படிக்குப் போய்விடுவார். பெரியோரின் மௌனத்தைக் குறைகூறுவதற்கில்லை. அவர்கள் உயிரோடிருக்கக் கற்றுக்கொண்ட முறை அது. ஆனால் அம்மௌனத்தின் நிறை பிள்ளையின்மேல் இறங்குகின்றது. தன்னை அழுத்துவது இன்னதென்று அவனுக்குப் பெயரிடத் தெரியாது. பெயரில்லாத ஒன்றுக்கு, ஆளில்லாத ஓர் அலறல் பொருத்தமாயிருப்பதில் வியப்பில்லை. அல்புக்கேர்க்கி இளைஞன் விளையாட்டாக எழுப்பிய ஒலியை உவர்மலை இளைஞன் விளையாட்டாகக் கேட்கவில்லை. வெற்றுப் பாத்திரம் என்று மேலே பழிக்கப்பட்டதனுள் இவன் எதையோ ஊற்றி வைத்திருக்கிறான். படைத்தவனின் பொய் கேட்பவனிடத்தே மெய்யாவது கலையில் அடிக்கடி நிகழ்வதே. அதனாற் படைத்தவனுக்குப் புண்ணியம் ஒன்றுமில்லை என்பது வேறு.

கொழும்பிலே 1990களின் பிற்பகுதியில் தோன்றிய ஸ்ரிக்மாற்றா போன்ற கடூர றொக் குழுக்களும், வெள்ளவத்தை முதல் ரொறன்ரோ வரை தமிழில் ஹிப்ஹொப் உரைக்கும் இளைஞர்களும் இந்நாட்டவருக்குப் புதியவர் அல்லர். ஓர்ஸ் ஹில் இளைஞனும் நாளை ஒரு கணினியை வைத்துக்கொண்டு தானே பாட்டொன்றை ஆக்கத் தொடங்கலாம். அன்று அவன் கேட்போன் அல்லன். அந்நகரிலே, 2006 ஜனவரி 2ஆந் திகதி மாலை, கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவன் வயதினை ஒத்தவர்கள் அவர்கள். பெற்றோரின் குரல் நாட்டின் நீதிமன்றங்களிலும் ஜெனீவாவிலும் ஒலித்தது. குற்றஞ்சாட்டப்பட்ட பாதுகாப்புப் படையினர் பதின்மூவரும் போதிய சான்றின்மையால் 2019இல் விடுவிக்கப்பட்டனர். அக்குரலைத் தொடர்ந்து எவர் போயினும் அங்கே பெயரோடும் முகத்தோடும் ஐவர் இருந்தனர், போனவர்கள்தாம் போதாது. அவ்வாறு ஓர் அழைப்பு விடையின்றிக் கிடக்கும் கடற்கரைக்கு நடந்து போகும் தொலைவிலே அமர்ந்துகொண்டு, ஓர் அலறலைத் தாளத்துக்கு அழகாக வெட்டி ஒட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது, அல்புக்கேர்க்கியில் அமர்ந்து முடிவு செய்வதைப் போன்றதன்று. ஒட்டலாகாது என்று விதிக்க எவருக்கும் உரிமை இல்லை. ஒட்டும்போது அவன் கை ஒரு கணம் தயங்குமாயின் அத்தயக்கம் பாட்டுக்குள் எப்படியோ வந்துவிடும்.

இன்னொன்று. ஸ்கிறீமோவின் அலறலிற் பெரும்பாலும் விளி இல்லை. சொல்லே சிதைந்து வெறும் ஒலியாகிவிடுகின்றது. ஹிப்ஹொப்பில் சொல் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் தன்னையே விளித்துப் பெருமை பேசுவது. ஒப்பாரியோ விளியின்றி ஒரு வரி நகராது. ராசாவே என்றும், பெத்த மகளே என்றும், தெய்வமே என்றும் யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே அது செல்லும். கூப்பிடப்படுபவர் செத்துக் கிடந்தாலும் கூப்பிடுவதை நிறுத்தாது. இம்மூன்றையும் ஒருவன் தமிழிற் கலக்கப் புகுந்தால், தாளத்தையும் பொறியையும் எளிதிற் பெற்றுக்கொள்வான். யாரைக் கூப்பிடுவது என்று அவனுக்கு ஐயம் எழுமிடத்து, அறையை விட்டு எழுந்து விறாந்தைக்குப் போய், சுவரிலே தொங்கும் படத்தைப் பற்றித் தந்தையிடம் கேட்கவேண்டி வரும். அவர் சொல்லுவாரா என்பது தெரியாது.